தோற்றவர் வீட்டுக்குப் போகாத ஆட்டம்

பொங்கல் முடிந்த மறுநாள் எங்கள் ஊரில் வாலிபால் டோர்னமென்ட். நோட்டீஸில் முதல் பரிசு வழங்குபவர், இரண்டாம் பரிசு வழங்குபவர், பந்து உபயம், மைக்செட் உபயம் என்று பாதி ஊரின் பெயர் இருக்கும். அடியில் எந்த வருஷமும் மாறாத ஒரு வரி: நடுவர் தீர்ப்பே இறுதியானது. வெளியூர் அணிகள் வேனில் வந்து இறங்கும். முதல் ஆட்டத்திலேயே தோற்ற அணி, காலை டிபனுக்குக்கூட நிற்காமல் அதே வேனில் ஏறிப் போய்விடும். நாக்-அவுட் என்றால் அப்படித்தான். வேறு மாதிரி ஒரு டோர்னமென்ட் நடத்த முடியும் என்று அறுபது வயது வரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்புறம் சியாட்டில் பக்கம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை, பக்கத்துப் பூங்காவில் பிக்கிள்பால் டோர்னமென்ட். காலை ஒன்பது மணி ஆட்டத்தில் தோற்ற ஒரு பாட்டி, சாயங்காலம் நான்கு மணிக்கு கழுத்தில் வெண்கலப் பதக்கத்தோடு நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த இடைப்பட்ட ஏழு மணி நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆட்டம் பிறந்த கதை. சியாட்டிலிலிருந்து படகில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் பெயின்பிரிட்ஜ் தீவு. 1965 கோடையில் அங்கே ஜோயல் பிரிட்சர்ட் என்பவரின் வீட்டில் பிள்ளைகள் பொழுது போகவில்லை என்று நச்சரித்தார்கள். வீட்டில் பழைய பேட்மின்டன் களம் இருந்தது; தேவையான சாமான்கள் சரியாகக் கிடைக்கவில்லை. பிரிட்சர்டும் நண்பர் பில் பெல்லும் டேபிள் டென்னிஸ் மட்டைகளையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தையும் கொடுத்து ஆடச் சொன்னார்கள். பந்து தரையில் நன்றாக எகிறியதைப் பார்த்து வலையைத் தாழ்த்தினார்கள். அடுத்து வந்து சேர்ந்த பார்னி மெக்கல்லம் ஒட்டுப்பலகையை அறுத்துப் பெரிய மட்டைகள் செய்தார். பிரிட்சர்ட் பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் போனார். ஆட்டத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதில் படகுக் கதை ஒன்று, நாய்க் கதை ஒன்று என்று இரண்டு கட்சி உண்டு. அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம்.

களத்தின் அளவுதான் நமக்கு முக்கியம். 44 அடி நீளம், 20 அடி அகலம். பேட்மின்டன் இரட்டையர் களத்தின் அதே அளவு. வலையின் இரண்டு பக்கமும் ஏழேழு அடிக்கு ஒரு பகுதி. அதற்குள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. அதற்குப் பெயர் 'கிச்சன்'. ஆட்டம் சூடுபிடித்ததும் நான்கு பேரும் கிச்சன் கோட்டுக்கு வந்துவிடுவார்கள். அப்போது எதிராளிக்கும் உங்களுக்கும் இடையே பதினான்கு அடிதான். அவர் முணுமுணுப்பது கேட்கும். நீங்கள் அசடு வழிவது அவருக்குத் தெரியும். டென்னிஸில் எதிராளி அந்தக் கோடியில் ஒரு பொம்மை மாதிரி தெரிவார். இங்கே திண்ணைக்குத் திண்ணை பேசுகிற தூரம். ஒரு டென்னிஸ் களம் இருக்கிற இடத்தில் நான்கு பிக்கிள்பால் களம் போடலாம். நான்கு பேர் ஆடிய இடத்தில் பதினாறு பேர். வெளியே காத்திருப்பவர்கள் தனி. ஊர் கூடுவதற்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

ஆனாலும் ஊர் உடனே கூடிவிடவில்லை. பிறந்து பதினொரு வருடம் கழித்து, 1976இல்தான், வாஷிங்டன் மாநிலத்தின் டக்வில்லாவில் ஓர் உடற்பயிற்சிக் கழகத்தில் முதல் டோர்னமென்ட் நடந்ததாகப் பதிவு. வந்தவர்களில் பலர் கல்லூரி டென்னிஸ் ஆட்டக்காரர்கள். பிக்கிள்பால் பற்றி அவர்களுக்கு அதிகம் தெரியாது. பெரிய மர மட்டை, சாஃப்ட்பால் அளவு பிளாஸ்டிக் பந்து என்று வைத்துக்கொண்டு பயிற்சி செய்தார்களாம். டேவிட் லெஸ்டர் முதலிடம், ஸ்டீவ் பராண்டோ இரண்டாமிடம். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, தோற்றவர் வீட்டில் அதன் பிறகு நடந்ததுதான். ஸ்டீவின் தந்தை ஆர்லன் பராண்டோ போயிங் நிறுவனத்தில் பொறியாளர். விமானத் தரைக்குப் பயன்படும் தேன்கூட்டுப் பலகையைக் கொண்டு 1984இல் அவர் இலேசான மட்டைகளைச் செய்தார். மரத்தைத் தாண்டி வந்த முதல் மட்டை அது.

அதே 1984இல் ஆட்டத்துக்கென்று சங்கமும் விதிப் புத்தகமும் வந்தன. சங்கத்தின் முதல் தலைவர் சிட் வில்லியம்ஸ். அதற்கு இரண்டு வருடம் முன்பிருந்தே வாஷிங்டன் மாநிலத்தில் டோர்னமென்ட் நடத்திக்கொண்டிருந்தவர் அவர். சங்கம் பிறந்து டோர்னமென்ட் நடத்தவில்லை. டோர்னமென்ட் நடத்தியவர்கள்தான் சங்கம் வைத்தார்கள். இந்த வரிசையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பதினைந்து இருபது வருடம் ஆட்டத்தைக் காப்பாற்றியவர்கள் ஓய்வுபெற்றவர்கள். குளிருக்குப் பயந்து அரிசோனாவுக்கு வண்டி கட்டுகிற முதியவர்கள் மட்டையையும் கூடவே எடுத்துப் போனார்கள். 2001இல் அரிசோனா மூத்தோர் போட்டிகளில் பிக்கிள்பால் சேர்ந்தது. வீட்டு வண்டிகளை நிறுத்துகிற ஒரு குடியிருப்பில் ஆட்டம்; வந்தவர்கள் நூறு பேர். அதுவரை நடந்ததிலேயே பெரிய போட்டி அதுதான் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். 2003இல் வட அமெரிக்கா முழுக்க இதை ஆடுகிற இடங்கள் என்று பட்டியல் போட்டால் 39தான் தேறின. நம் ஒரு மாவட்டத்தில் பேட்மின்டன் ஆடுகிற இடங்கள் அதைவிட அதிகம். 2009இல் அரிசோனாவின் பக்கை ஊரில் முதல் தேசியப் போட்டி. 26 மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஏறக்குறைய 400 பேர் வந்தார்கள்.

இன்றைக்கு? 2024இல் அமெரிக்காவில் பிக்கிள்பால் ஆடியவர்கள் ஏறத்தாழ 2 கோடிப் பேர் என்கிறது விளையாட்டுத் தொழில்துறைக் கணக்கு. முந்தைய வருடம் அது 1 கோடியே 36 லட்சம். 2022இல் வாஷிங்டன் மாநிலம் இதைத் தன் அதிகாரப்பூர்வ விளையாட்டாகவே அறிவித்தது. ஆளுநர் கையெழுத்துப் போட்டது பெயின்பிரிட்ஜில், ஆட்டம் பிறந்த அதே களத்தில்.

கொரோனா காலம் இதற்கு உதவியது, உண்மைதான். வெட்டவெளி, சின்னக் களம், எளிய விதி. ஆனால் கொரோனாவில் எத்தனையோ பேர் மாவு பிசையக் கற்றார்கள், சைக்கிள் வாங்கினார்கள். சைக்கிள்கள் இப்போது மாடிப்படிக்கு அடியில் நிற்கின்றன. இந்த மட்டை மட்டும் ஏன் பரணுக்குப் போகவில்லை? விடை அந்தச் சனிக்கிழமைப் பூங்காவில் இருந்தது.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். வேலியோரம் ஒரு மடக்கு மேசை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மார்க்கர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் கம்பி வலையில் துணி மாட்டுகிற கிளிப்பால் தொங்கவிட்ட காகித அட்டவணை. பெயர்களுக்குப் பக்கத்தில் வயதுப் பிரிவு: ஐம்பதுக்கு மேல், அறுபத்தைந்துக்கு மேல், எழுபத்தைந்துக்கு மேல். எழுபத்தைந்துக்கு மேல் என்று ஒரு பிரிவை நம் எந்த நோட்டீஸிலும் நான் பார்த்ததில்லை. அந்த வயதுக்காரர்களை நாம் தலைமை தாங்கத்தான் கூப்பிடுவோம். வயது போக, திறமைக்கும் பிரிவு உண்டு. மூன்று, மூன்றரை, நான்கு என்று எண்ணால் சொல்கிறார்கள். மூன்றுக்காரர் மூன்றுக்காரரோடுதான் மோத வேண்டும். ஆகவே சுமாராக ஆடுகிறவருக்கும் இறுதி ஆட்டம் எட்டாத உயரமில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் புதிதாக இருந்தது தோற்றவர்களுக்கான ஏற்பாடு. ஒருமுறை தோற்றால் வெளியே அனுப்புவதில்லை. இரண்டாம் அட்டவணைக்குப் பெயரை மாற்றி எழுதுகிறார்கள். அங்கே ஜெயித்துக்கொண்டே வந்தால் தங்கப் பதக்க ஆட்டத்துக்குக்கூடத் திரும்பி வரலாம். வெண்கலப் பாட்டி அந்த வழியாகத்தான் ஏறி வந்தார். சின்ன டோர்னமென்ட் என்றால் இதுவும் இல்லை. எல்லோரும் எல்லோரோடும் ஆடுகிற லீக் முறை. இதனால் நடப்பது என்ன? அடுத்த ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது; வீட்டுக்குப் போக முடியாது. காத்திருக்கிற நேரத்தில் பேசித்தான் ஆக வேண்டும். ஆரஞ்சுச் சுளை சாப்பிடுகிறார்கள். உங்கள் மட்டையைக் கொஞ்சம் கொடுங்கள் என்று வாங்கிப் பார்க்கிறார்கள். காலையில் தன்னைத் தோற்கடித்தவரிடமே, அந்தப் பந்தை எப்படி அடித்தீர்கள் என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எழுந்து நின்று மணிக்கட்டை மடக்கிக் காட்டினார்.

மகள் அந்தக் குடியிருப்புக்கு வந்து ஆறு வருடம். எதிர் வீட்டுக்காரர் பெயர் ஐந்து வருடம் தெரியாது. கலப்பு இரட்டையரில் ஜோடி கிடைக்காமல், மேசையில் இருந்த ஆசிரியை மகளையும் அவரையும் சேர்த்துவிட்டாராம். சேர்ந்த பிறகுதான் இருவரும் ஒரே தெரு என்று தெரிந்திருக்கிறது. இப்போது பனிக்காலத்தில் எங்கள் வாசலையும் சேர்த்து வழித்துவிடுகிறார் அந்த மனிதர். மகள் பதிலுக்கு எலுமிச்சை சாதம் கொடுத்து அனுப்புகிறாள்.

மாலையில் என்னையும் ஒரு ஆட்டம் இறக்கினார்கள். "அப்பா, ஸ்கோர் சொல்லிட்டுத்தான் சர்வீஸ் போடணும்" என்று மகள் பின்னாலிருந்து கத்தினாள். மூன்று எண் சொல்ல வேண்டும்: நம் புள்ளி, எதிரணி புள்ளி, சர்வீஸ் போடுவது முதலாமவரா இரண்டாமவரா என்பது. பூஜ்யம்-பூஜ்யம்-இரண்டு என்று தொடங்குகிறார்கள். ஏன் இரண்டில் தொடங்குகிறது என்று எனக்கு விளக்குவதற்குள் நாங்கள் ஐந்து புள்ளி பின்னால் போய்விட்டோம்.

இது எல்லாம் இனிமேலும் இப்படியே இருக்கும் என்று சொல்லத் துணிவில்லை. காகித அட்டவணை குறைந்து செயலி வந்துவிட்டது. 2021இல் வந்த டூப்பர் என்ற தரவரிசை முறை, உங்கள் திறமையைத் தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை சொல்கிறது. அந்த எண் இறங்கிவிடும் என்று பயந்து கற்றுக்குட்டியோடு ஜோடி சேர மறுப்பவர்கள் உண்டு. பதக்க ஆசையில் கீழ்ப்பிரிவில் பதுங்கி ஆடுகிறவர்களும் உண்டு. மட்டைச் சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் வழக்குப் போடுகிறார்கள். டென்னிஸ்காரர்கள் தங்கள் களம் பறிபோவதாகக் குமுறுகிறார்கள். நியாயம் இல்லாமல் இல்லை. மறுபக்கம், தொழில்முறை லீக்குகளும் பணமும் வந்துவிட்டன. கூடைப்பந்து வீரர் லீப்ரான் ஜேம்ஸ் அணி வாங்கினார். ஆனால் அணிகளை வைத்து நடத்தும் பெரிய லீக் அங்கே தொடங்கியது 2021இல். டக்வில்லாவுக்கு நாற்பத்தைந்து வருடம் கழித்து. அதற்குள் ஒவ்வொரு ஊரிலும் மார்க்கர் பேனாவோடு ஒருவர் உட்கார்ந்துவிட்டார்.

நம் பக்கம் வரிசை தலைகீழாக இருக்கிறது. மும்பையைச் சேர்ந்த சுனில் வலாவல்கர் கனடாவில் இந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, 2008இல் அகில இந்தியச் சங்கம் அமைத்தார். பல வருடம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திடீரென்று சென்னை, கோவை, பெங்களூரு எங்கும் மொட்டை மாடியில்கூடக் களம். 2025 தொடக்கத்தில் மும்பையில் லீக் போட்டி. சென்னை அணிக்கு நடிகை சமந்தா உரிமையாளர், பெங்களூரு அணிக்கு இயக்குநர் அட்லி. அதே வருடம் மத்திய விளையாட்டு அமைச்சகம் வேறோர் அமைப்பான இந்திய பிக்கிள்பால் சங்கத்தை தேசியக் கூட்டமைப்பாக அங்கீகரித்தது. நட்சத்திரம் வந்தாயிற்று, அங்கீகாரம் வந்தாயிற்று. மணிக் கணக்கில் வாடகை கட்டி, தெரிந்த நான்கு பேர் வந்து, தங்களுக்குள் ஆடி, நேரம் முடிந்ததும் காரில் ஏறுகிறார்கள். பக்கத்துக் களத்தில் ஆடுவது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. இதைக் குறையாகச் சொல்வதற்குக் காரணம், ஊர் கூடி டோர்னமென்ட் நடத்துவது நமக்குப் புதிது இல்லை என்பதுதான். மைக்செட் உபயம் வரை நமக்குப் பழகிய வேலை. தோற்றவரை உட்கார வைக்கிற ஏற்பாடு ஒன்றுதான் நம்மிடம் இல்லாதது.

அடுக்குமாடிச் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறவர்களுக்கும், களம் வைத்து வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். எட்டு ஜோடி சேருங்கள். தெரிந்தவர்களை ஒரே ஜோடியாகப் போடாதீர்கள், சீட்டுக் குலுக்குங்கள். லீக் முறையில் மொத்தம் 28 ஆட்டம். இரண்டு களம் இருந்தால் 14 சுற்று. பதினொரு புள்ளி ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் என்று வைத்தால் மூன்றரை மணி நேரம். காலை ஆறரைக்குத் தொடங்கினால் பத்து மணிக்கு எல்லோருக்கும் சேர்த்து டிபன் சொல்லிவிடலாம்.