வெள்ளிக் காசைத் தேடும் சுருள்

"சார், சுருள் பெரிசா இருந்தா காசு ரொம்ப ஆழத்துல கிடந்தாலும் தெரியுமா?"

பன்னிரண்டாம் வகுப்பில் சுழல் மின்னோட்டம் நடத்தி முடித்துக் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து வந்த கேள்வி இது. கேட்டவன், வருகைப் பதிவின்போது மட்டுமே வாய் திறக்கும் மாணவன். அமெரிக்காவில் ஒருவர் பழைய பூங்கா ஒன்றில் மெட்டல் டிடெக்டரை வீசி நடந்து, புல்லைக் கிளறி, பளபளக்கும் வெள்ளிக் காசை எடுக்கும் காணொலியை அவன் கைப்பேசியில் பார்த்திருக்கிறான். அந்த மனிதர் வேலையைத் தொடங்கும் முன் சிறிய வட்டத் தட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய தட்டை மாட்டினாராம். அந்தத் தட்டுக்குள் இருப்பதுதான் நாம் பாடத்தில் சொல்லும் கம்பிச்சுருள்.

"நாளைக்குச் சொல்றேன்ப்பா" என்றேன். உண்மையில் எனக்கும் உடனே பதில் தெரியவில்லை.

அமெரிக்காவில் 1964 வரை அச்சான பத்து சென்ட் காசில் 90 சதவீதம் வெள்ளி. டைம் என்று அழைக்கப்படும் இந்தக் காசு சுமார் 18 மி.மீ. விட்டமும் 2.5 கிராம் எடையும் கொண்டது. 1965இல் சட்டம் மாறி, அதிலிருந்து வெள்ளி நீக்கப்பட்டது. ஆகவே அங்கே வெள்ளிக் காசு என்றாலே பழைய காசு. பழைய காசு என்றால் பெரும்பாலும் ஆழத்தில் கிடப்பது. ஆண்டுதோறும் உதிரும் இலை மக்கி மண்ணாகிறது. மண்புழுக்கள் அடிமண்ணை மேலே கொண்டுவந்து கொட்டுகின்றன. மேலே கிடந்த பொருள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகிறது. டார்வின் தம் இறுதிக் காலத்தில், 1881இல், வெளியிட்ட மண்புழு நூலில் ஆராய்ந்தது இதைத்தான்.

மெட்டல் டிடெக்டர் வேலை செய்யும் முறை நம் பாடத்திலேயே இருக்கிறது. ஒரு சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாய்கிறது. அதன் மாறும் காந்தப்புலம் காசில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. லென்ஸ் விதிப்படி அந்த மின்னோட்டம் எதிர்ப்புலம் ஒன்றை உண்டாக்க, இரண்டாவது சுருள் அதைப் பிடிக்கிறது. மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும் உலோகம் வெள்ளி. அதனால் குறைந்த அதிர்வெண்ணிலேயே, ஏறத்தாழ 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸிலேயே, அது நன்றாகப் பதில் தருகிறது. சின்னத் தங்கத் துணுக்கைத் தேடுபவர்தான் அதைவிடப் பல மடங்கு அதிர்வெண்ணுக்குப் போகவேண்டும்.

செய்தே பார்ப்போம் என்று முடிவு செய்தேன். மோட்டார் காயில் கட்டும் கடையில் எனாமல் பூசிய செப்புக் கம்பி வாங்கினோம். 15 செ.மீ. விட்டமுள்ள பெயிண்ட் டப்பாவைச் சுற்றி 60 சுற்று வீதம் இரண்டு சுருள்கள், 28 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் வாளியைச் சுற்றி அதேபோல இரண்டு. கைப்பேசிச் செயலியிலிருந்து 4 கிலோஹெர்ட்ஸ் ஒலியைச் சிறு ஆம்ப்ளிஃபயர் வழியாக ஒரு சுருளுக்குக் கொடுத்தோம். இடையில் 10 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் சூடாகும். மற்றச் சுருளைப் பள்ளி ஒலிபெருக்கியின் மைக் துளையில் செருகினோம். இரண்டு சுருளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பகுதியளவு படியவைத்து மெல்ல நகர்த்தினால், ஓர் இடத்தில் சத்தம் ஏறக்குறைய அடங்கிவிடும். பரிமாற்று மின்தூண்டல் தன்னைத்தானே ஈடுசெய்துகொள்ளும் இடம் அது. ஒரு மயிரிழை நகர்ந்தாலும் மறுபடி கத்தும். இதற்கே ஒரு பாடவேளை போய்விட்டது. கடையில் விற்கும் 'இரட்டை டி' சுருளில் இரண்டு டி வடிவச் சுருள்கள் முதுகோடு முதுகு படிந்திருப்பதும் இந்த அமைதிக்காகத்தான்.

தேடும் பொருள், பாட்டி கொடுத்துவிட்டுப் போன ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட வெள்ளி ரூபாய். சின்னச் சுருளுக்கு மேலே அதைப் பிடித்து மெல்ல உயர்த்தினோம். 8 செ.மீ. வரை சத்தம் கேட்டது. பெரிய சுருளில் ஒலியைக் கூட்டி மின்னோட்டத்தை ஏறத்தாழ முன்பிருந்த அளவுக்குக் கொண்டுவந்து பார்த்தோம். 9 செ.மீ.

"அவ்ளோதானா சார்?" வகுப்பே சோர்ந்துவிட்டது. எனக்கும் ஏமாற்றம்தான். ஆனால் அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டபோது அந்த ஏமாற்றத்துக்குக் காரணம் தெரிந்தது.

வட்டச் சுருளின் அச்சில் காந்தப்புலம் காணும் வாய்பாட்டைப் பயட்-சாவர்ட் விதியிலிருந்து தருவிக்கிறோம். ஐந்து மதிப்பெண் வினா என்று மனப்பாடமும் செய்யவைக்கிறோம். சுருளை விட்டு வெகுதூரம் போனால் புலம், தொலைவின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்த்தகவில் குறையும். டிடெக்டரில் இது இரண்டு முறை நடக்கிறது: காசுக்குப் போகும்போது ஒரு முறை, காசிலிருந்து திரும்பும்போது ஒரு முறை. ஆக ஆறாம் அடுக்கு. ஆழம் இரு மடங்கானால் சைகை 64இல் ஒரு பங்கு. சுருளுக்கு அருகில் நிலைமை இவ்வளவு மோசமில்லை, ஆனால் போகப்போக இதுதான் கதி.

சுற்றும் மின்னோட்டமும் ஒன்றே என்று வைத்துக்கொண்டு, போகும் வழிக்கும் வரும் வழிக்கும் சேர்த்து அதே வாய்பாட்டைப் போட்டுப் பார்த்தேன். காசு 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 15 செ.மீ. விட்டச் சுருள்தான் வெல்கிறது, 28 செ.மீ. சுருளைவிட அதில் ஏறத்தாழ 1.7 மடங்கு சைகை. 25 செ.மீ. ஆழத்திலோ கதை தலைகீழ். அங்கே 28 செ.மீ. சுருளில் சின்னதைப் போல சுமார் 7 மடங்கு சைகை, 38 செ.மீ. சுருளில் அதற்கும் இரு மடங்கு. நாங்கள் சோதித்த 8, 9 செ.மீ. என்பது இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக நிற்கும் இடம். பெரிய சுருளின் பலம் தெரியும் ஆழத்துக்கு எங்கள் கருவி போகவே இல்லை!

ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்கு எந்த ஆரம் மிகச் சிறந்தது என்பதைக் கணித ஆசிரியரிடம் ஒப்படைத்தேன். வகையிட்டுப் பெருமம் கண்டால், ஆரம் ஆழத்தைப்போல மூலம் இரண்டு மடங்கு என்று வருகிறது. 25 செ.மீ. ஆழத்துக்கு 35 செ.மீ. ஆரம்; அதாவது 70 செ.மீ. விட்டம். நம் அண்டா மூடி அளவு. வகைக்கெழுப் பாடத்துக்கு இப்படி ஓர் எடுத்துக்காட்டா என்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

ஆனால் காசு தேடுபவர்கள் யாரும் அண்டா மூடியைத் தூக்கிக்கொண்டு நடப்பதில்லை. பெரும்பாலோர் கையில் இருப்பது 11 அங்குலச் சுருள், அதாவது 28 செ.மீ.; ஆழத்துக்கு ஆசைப்படுபவர் 13 அல்லது 15 அங்குலம் போவார். வாய்பாட்டில் இல்லாத மூன்று விஷயங்கள் குறுக்கே வருகின்றன. எடை எல்லாருக்கும் தெரிந்தது. இரண்டாவது மண். மண்ணில் உள்ள இரும்பு ஆக்சைடும் சைகை தரும். நம் செம்மண்ணின் நிறத்துக்குக் காரணமும் அதுதான். சுருள் பெரிதாக ஆக அது பார்க்கும் மண்ணின் அளவும் கூடி, காசின் மெல்லிய குரல் அந்த இரைச்சலில் அமுங்கிப்போகும். இத்தகைய மண்ணில், ஒரே மையம் கொண்ட சுருள்களைவிட, நடுக்கோட்டில் கத்தி முனைபோலப் பார்க்கும் இரட்டை டி நன்றாக வேலை செய்யும். மூன்றாவது குப்பை. ஆணியும் சோடா மூடியும் நிறைந்த பூங்காவில் பெரிய சுருளின் கீழ் ஒரே நேரத்தில் நான்கு பொருள்கள் இருக்கும். ஆணியின் சைகை பக்கத்தில் கிடக்கும் வெள்ளியை மறைத்துவிடும். அங்கே 6 அங்குலச் சுருள்தான் ஆணிகளுக்கு நடுவே நுழைந்து காசைக் காட்டும். சுத்தமான திறந்த வெளியென்றால் பெரிய சுருள், குப்பை மேடென்றால் சிறியது. இதைத் தெரிந்துகொண்டுதான் அந்தக் காணொலி மனிதர் தட்டை மாற்றியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கணக்குக் காட்டியது. 25 செ.மீ. ஆழக் காசைத் தேடும்போது 28 செ.மீ. சுருளைத் தரையிலிருந்து வெறும் 3 செ.மீ. உயர்த்தினால் சைகையில் சுமார் 40 சதவீதம் போய்விடும். பெரிய சுருள் வாங்கும் முன் இருப்பதைத் தரையோடு ஒட்டி வீசப் பழகுவது மலிவு.

வகுப்பில் இதைச் சொன்னபோது அலெக்சாண்டர் கிரகாம் பெல் கதையையும் சொன்னேன். 1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் கிடந்த தோட்டாவைத் தேட இதேபோன்ற சமன்செய்த சுருள்களோடு பெல் போனார். கிடைக்கவில்லை. நோயாளி படுத்திருந்த மெத்தைக்கு அடியில் எஃகுச் சுருள்கள் இருந்தன. மருத்துவர் தேடவிட்ட பக்கத்திலும் தோட்டா இல்லை. "எங்க ஒலிபெருக்கியும் பெஞ்சு இரும்புக் காலுக்குத்தான் கத்துச்சு சார்" என்றாள் ஒரு மாணவி.

வகுப்பு முடிந்ததும் கேள்வி கேட்டவன் என்னோடு ஆசிரியர் அறை வரை வந்தான். அவன் கேட்டதற்குக் காரணமே வேறு. ஊரில் ஒருவர், மூன்று மீட்டர் ஆழத்துக் காசையும் காட்டும் என்று ஒரு கருவியை விற்க வந்திருக்கிறார். இவனுடைய சித்தப்பா, நிலத்தில் புதையல் இருக்கிறது என்ற நம்பிக்கையில், ஐந்தாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டார். மீதிக்கு நகையை அடகு வைக்கப் பேச்சு நடக்கிறது.

அங்கேயே ஒரு தாளை எடுத்தோம். 38 செ.மீ. சுருளுக்கு 25 செ.மீ. ஆழத்தில் கிடைக்கும் சைகையை ஒன்று என்று வைத்தால், ஒரு மீட்டரில் அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழ். மூன்று மீட்டரில் ஏழு லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழ். அண்டா அளவுப் பாத்திரத்தைப் பெரிய சட்டச் சுருள் கொண்டு மீட்டர் கணக்கு ஆழத்தில் காணலாம். தனிக் காசை முடியாது. பூமியில் புதைந்து கிடப்பதில் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் எது கிடைத்தாலும் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் ஓராண்டு வரை சிறை என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்வதையும் எழுதிக் கொடுத்தேன்.

"அந்தக் கருவியில சுருள் எவ்வளவு அகலம்னு கேட்டியா?" என்றேன்.

யோசித்தான். "சுருளே இல்ல சார். கைப்பிடியில ரெண்டு கம்பி நீட்டிட்டு இருக்கும், அவ்வளவுதான்."

இப்படிச் சுருளும் இல்லாத, உள்ளே வேலை செய்யும் மின்சுற்றும் இல்லாத ஒரு கைப்பிடிக் கருவியை வெடிகுண்டு காட்டும் கருவி என்று சொல்லி ஈராக்குக்கு விற்ற ஒருவருக்கு 2013இல் இங்கிலாந்து நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. அந்தக் கருவியை நம்பிச் சோதனைச் சாவடிகளில் வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு அவன் வாளிச் சுருளையும் ஆம்ப்ளிஃபயரையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகக் கேட்டான். கொடுத்தேன். சித்தப்பா முன்னால் என் பாட்டியின் ரூபாயை 9 செ.மீ. வரை காட்டிவிட்டு, பத்தாவது செ.மீ.இல் சத்தம் நின்றதையும் காட்டியிருக்கிறான். நகை அடகுக்குப் போகவில்லை. முன்பணம் ஐயாயிரம் இன்னும் திரும்பி வரவில்லை. ரூபாயைத் திங்கட்கிழமை காலையில் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தான். கூடவே, 60 சுற்றுக்குப் பதில் 120 சுற்று சுற்றினால் என்ன ஆகும் என்ற கேள்வியையும்.