வலி தணிக்கும் மின்துடிப்பு

மின்சாரம் என்றதும் விளக்கு, மின்விசிறி, கைப்பேசி போன்றவை நம் நினைவுக்கு வருகின்றன. ஈரக் கையால் மின்விசையைத் தொடக்கூடாது என்ற பெரியவர்களின் எச்சரிக்கையும் கூடவே நினைவுக்கு வரும். ஆனால், அதே மின்சாரத்தை மிகச் சிறிய அளவில், உரிய முறையில் உடலில் செலுத்தி வலியைத் தணிக்கவும், தளர்ந்துபோன தசைகளை மீண்டும் இயங்கச் செய்யவும் முடியும். மருத்துவமனைகளின் இயன்முறை மருத்துவப் பிரிவுகளில் இது பல காலமாகப் பயன்பாட்டில் உள்ளது. இதனை மின்தூண்டல் சிகிச்சை என்பர். இன்று இதற்கான சிறு கருவிகள் மருந்தகங்களிலும் இணையக் கடைகளிலும் எளிதாகக் கிடைக்கின்றன. ஆகவே, இச்சிகிச்சை எவ்வாறு வேலை செய்கிறது, எங்கே பயன் தருகிறது, எங்கே ஆபத்தாக மாறுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

திருக்கை மீனிலிருந்து தொடங்கிய வரலாறு

மின்சாரம் என்றால் என்னவென்று உலகம் அறிவதற்கு முன்பே மின்சாரத்தால் வலியைப் போக்கும் முயற்சி தொடங்கிவிட்டது. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், கீல்வாதத்தால் கால் வலிக்கும்போது ஈரமான கடற்கரையில் உயிருள்ள மின் திருக்கை மீனின்மீது பாதத்தை வைத்து நிற்கும்படி எழுதி வைத்தார். பாதம் முதல் முழங்கால் வரை மரத்துப்போகும் வரையில் நிற்க வேண்டும் என்பது அவர் கூறிய முறை. அந்த மீன் வெளியிடுவது மின்சாரம் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் சாடிகள் வந்தபின் இம்முயற்சி மீண்டும் சூடுபிடித்தது. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளினிடம் பக்கவாத நோயாளிகள் பலர் வந்து மின்சிகிச்சை பெற்றனர். முதல் சில நாள்களில் அவர்களுடைய கைகால்களில் வெப்பமும் அசைவும் கூடின. ஐந்தாம் நாளுக்குப் பிறகு அந்த முன்னேற்றம் நின்றுவிட்டது. வீடு திரும்பியவர்கள் விரைவில் பழைய நிலையையே அடைந்தனர். நிலையான பயன் எதையும் தாம் காணவில்லை என்று பிராங்கிளின் 1757ஆம் ஆண்டில் எழுதிய கடிதத்தில் மறைக்காமல் குறிப்பிட்டார். தொடக்கத்தில் தெரிந்த சிறு முன்னேற்றத்திற்குக்கூட மின்சாரம்தான் காரணமா, அல்லது நோயாளிகள் தினமும் நடந்து வந்ததும் குணமாகும் என்ற நம்பிக்கையும் காரணமா என்ற ஐயத்தையும் அவர் எழுப்பினார். இச்சிகிச்சையைப் பற்றி இன்றும் ஆய்வாளர்கள் கேட்கும் கேள்வி இதுவே.

அதன்பின் இத்தாலியைச் சேர்ந்த லூய்ஜி கால்வானி, இறந்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதைக் கண்டு 1791ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்டார். நரம்புக்கும் தசைக்கும் மின்சாரத்திற்கும் தொடர்பு உண்டு என்பது அப்போது உலகுக்குத் தெரியவந்தது.

உடலுக்குள் ஓடும் மின்சாரம்

நம் உடலும் மின்சாரத்தின் துணையால்தான் இயங்குகிறது. ஓய்வு நிலையில் உள்ள நரம்பணுவின் உட்புறத்திற்கும் வெளிப்புறத்திற்கும் இடையே ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் மின்னழுத்த வேறுபாடு இருக்கும். நரம்பு தூண்டப்படும்போது சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகள் உள்ளும் வெளியும் பாய்கின்றன. அதனால் எழும் மின்துடிப்பு நரம்பின் வழியே ஓடுகிறது. மூளை இடும் கட்டளை தசையைச் சென்றடைவதும், அடிபட்ட இடத்திலிருந்து வலி பற்றிய செய்தி மூளைக்குச் செல்வதும் இவ்வாறே.

நரம்பு, தன்னைத் தூண்டிய மின்துடிப்பு எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிவதில்லை. போதிய வலிமையுள்ள துடிப்பு வெளியிலிருந்து வந்தாலும் அது செயல்படத் தொடங்கிவிடும். மின்தூண்டல் சிகிச்சையின் அடிப்படை இதுதான். தோலின்மீது பசையுள்ள ஒட்டுத்தகடுகளை ஒட்டி, அவற்றைக் கம்பி வழியாகச் சிறிய கருவியோடு இணைப்பார்கள். கருவி அனுப்பும் ஒவ்வொரு துடிப்பும் மைக்ரோ வினாடிக் கணக்கில்தான் நீடிக்கும். ஒரு வினாடிக்கு எத்தனை துடிப்புகள், ஒவ்வொன்றும் எவ்வளவு வலிமையுடையது என்பதை மாற்றுவதன் மூலம் வெவ்வேறு பயன்களைப் பெறலாம்.

வலியின் கதவு

முழங்கால் மேசையில் இடித்துக்கொண்டால் உடனே அந்த இடத்தைக் கையால் தேய்த்து விடுகிறோம். வலியும் சற்றுக் குறைகிறது. இது ஏன்? இதற்கு 1965ஆம் ஆண்டில் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் எனும் இரு அறிஞர்கள் ஒரு விளக்கம் தந்தனர். அது கதவுக் கோட்பாடு எனப்படுகிறது.

தொடுதல், அழுத்தம் ஆகிய உணர்வுகளைத் தடித்த நரம்பிழைகள் கொண்டு செல்கின்றன. வலி உணர்வை மெல்லிய இழைகள் கொண்டு செல்கின்றன. தடித்த இழைகளில் செய்தி வினாடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் பாயும். மிக மெல்லிய இழைகளிலோ வினாடிக்கு 2 மீட்டருக்கும் குறைவாகவே செல்லும். இவ்விரு வகை இழைகளும் முதுகுத்தண்டில் வந்து சேரும் இடத்தில் ஒரு கதவு இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். தொடு உணர்வுச் செய்திகள் மிகுதியாக வரும்போது அந்தக் கதவு ஓரளவு மூடிக்கொள்கிறது. வலிச் செய்தி மூளைக்குச் செல்வது அதனால் குறைகிறது. தேய்த்துவிடும் கை செய்வது இந்த வேலையைத்தான்.

‘டென்ஸ்’ எனப்படும் தோல்வழி நரம்புத் தூண்டல் கருவி இந்தக் கோட்பாட்டைப் பயன்படுத்துகிறது. வினாடிக்கு ஏறத்தாழ 50 முதல் 100 துடிப்புகள் வரை அனுப்பும்போது தோலில் எறும்பு ஊர்வதுபோன்ற குறுகுறுப்பு உண்டாகிறது. வலி ஏற்படாமல், அதே வேளையில் நன்றாக உணரும் அளவுக்கு அது இருக்க வேண்டும். மற்றொரு முறையில் வினாடிக்கு 2 முதல் 4 துடிப்புகள் மட்டுமே, ஆனால் தசை இலேசாகத் துடிக்கும் வலிமையில் அனுப்பப்படும். இம்முறையில் உடல் தானே உருவாக்கும் எண்டோர்ஃபின் போன்ற வலிதணிப்புப் பொருள்கள் சுரப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

இதனால் உண்மையில் பயன் உண்டா? 2022ஆம் ஆண்டில் வெளிவந்த விரிவான ஆய்வுத் தொகுப்பு ஒன்று 381 ஆய்வுகளை ஆராய்ந்தது. கருவி இயங்கும்போதும் நிறுத்திய உடனேயும் வலி குறைகிறது என்று அது முடிவு கூறியது. ஆயினும், பல ஆய்வுகள் மிகச் சிலரைக் கொண்டே நடத்தப்பட்டவை. நெடுநாள் பயன் பற்றி உறுதியாகக் கூறப் போதுமான சான்றுகள் இல்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமான ‘நைஸ்’, கீழ்முதுகு வலிக்கு இச்சிகிச்சையை வழங்க வேண்டாம் என 2016ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. ஆகவே, டென்ஸ் கருவி வலியைச் சிறிது நேரம் தணிக்கலாம். வலிக்கான காரணத்தை அது நீக்குவதில்லை.

தசையை எழுப்புதல்

வலியைத் தணிப்பதைவிடத் தசையை இயக்குவதற்குக் கூடுதல் வலிமையுள்ள துடிப்பு தேவைப்படும். காற்பந்து, பூப்பந்து போன்ற விளையாட்டுகளில் முழங்காலின் தசைநார் அறுந்து, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் நிலையை எடுத்துக்கொள்வோம். அறுவைக்குப் பிறகு தொடையின் முன்புறத் தசை சில வாரங்களிலேயே மெலிந்துவிடுகிறது. தசையில் காயமே இல்லாவிட்டாலும் இது நேர்கிறது. மூட்டில் வீக்கம் இருக்கும்போது, மூட்டைக் காக்கும் நோக்கில் நரம்பு மண்டலமே அத்தசைக்குச் செல்லும் கட்டளையைக் குறைத்துவிடுவது இதற்கு ஒரு காரணமாகும். நோயாளி முயன்றாலும் தசை முழுமையாக இறுகுவதில்லை.

இந்நிலையில் மின்தூண்டல் கைகொடுக்கிறது. வினாடிக்கு 35 முதல் 50 துடிப்புகள் வரை அனுப்பினால் தசை விட்டுவிட்டுத் துடிக்காமல் தொடர்ச்சியாக இறுகும். பத்து வினாடி இறுகிய தசைக்கு அதைவிடப் பல மடங்கு நேரம் ஓய்வு தரப்படும். இதற்கும் காரணம் உண்டு. நாமாகத் தசையை இறுக்கும்போது மூளை முதலில் சோர்வடையாத சிறிய இழைகளை அழைக்கிறது. தேவை கூடும்போது பெரிய இழைகளையும் சேர்த்துக்கொள்கிறது. இழைகளை மாற்றி மாற்றி வேலை வாங்குகிறது. கருவியால் அப்படிச் செய்ய இயலாது. ஒட்டுத்தகட்டின் கீழுள்ள அதே இழைகளையே அது மீண்டும் மீண்டும் தூண்டுகிறது. அதனால் தசை விரைவில் களைத்துவிடும்.

மேலும், துடிப்பு வரும் அதே நேரத்தில் தானும் தசையை இறுக்க முயலுமாறு இயன்முறை மருத்துவர் நோயாளியிடம் கூறுவார். பயிற்சிக்குப் பதிலாக அல்ல, பயிற்சியோடு சேர்த்துத் தரும்போதே தொடைத் தசை நன்கு வலுப்பெறுகிறது. விளையாடிக் களைத்த ஆரோக்கியமான தசை இக்கருவியால் விரைவாகத் தேறும் என்ற கூற்றுக்கு அந்த அளவு சான்று இல்லை. மெதுவான நடை, போதிய உறக்கம், நல்ல உணவு ஆகியவையே அதற்கு ஏற்றவை.

மீண்டும் நடக்க ஒரு துணை

பக்கவாதத்திற்குப் பிறகு சிலரால் நடக்கும்போது பாதத்தின் முன்பகுதியைத் தூக்க முடிவதில்லை. கால்விரல்கள் தரையில் உரசுவதால் அவர்கள் தடுக்கி விழும் ஆபத்து உண்டு. 1961ஆம் ஆண்டில் லிபெர்சன் எனும் மருத்துவர் இதற்கு ஒரு வழி கண்டார். காலணியின் குதிகால் பகுதியில் ஒரு மின்விசை வைக்கப்பட்டது. குதிகால் தரையை விட்டு எழுந்தவுடன், முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமாகச் செல்லும் நரம்புக்கு மின்துடிப்பு செல்லும். பாதம் மேலே உயரும். குதிகால் மீண்டும் தரையைத் தொட்டதும் துடிப்பு நின்றுவிடும். இதே கொள்கையில் அமைந்த, காலில் அணியும் கருவிகள் இன்றும் பயன்படுகின்றன.

முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுக் கால்கள் செயலிழந்தவர்களும் இம்முறையால் பயனடைகின்றனர். 2016ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிக் நகருக்கு அருகில் நடைபெற்ற ‘சைபத்லான்’ போட்டியில், அத்தகைய வீரர்கள் தங்கள் சொந்தக் கால் தசைகளால் மிதிவண்டியை மிதித்துப் போட்டியிட்டனர். அத்தசைகளை இயக்கியது மின்துடிப்பு. முதுகுத்தண்டில் பாதிப்பு இருந்தாலும் அதிலிருந்து தசைக்குச் செல்லும் நரம்பு நலமாக இருந்ததால்தான் இது இயன்றது. அந்த நரம்பே அறுபட்டிருந்தால் இம்முறை பலன் தராது.

கவனம் தேவை

எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மின்சாரம் மின்சாரமே. இதயத்தில் இதயமுடுக்கி பொருத்தியவர்கள் மருத்துவர் ஒப்புதலின்றி இக்கருவியைத் தொடக்கூடாது. கழுத்தின் முன்பகுதியிலும், கண்களின்மீதும், மார்பின் குறுக்கேயும், புண்பட்ட தோலிலும் ஒட்டுத்தகடுகளை ஒட்டுதல் கூடாது. கருவுற்ற பெண்கள், வலிப்பு நோயுள்ளவர்கள், இரத்தக் கட்டி அல்லது புற்றுநோய் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கலந்து பேச வேண்டும். தோலில் உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளிகளுக்குத் துடிப்பின் வலிமை தெரியாமல் தோல் எரிச்சலோ காயமோ ஏற்படலாம். குளிக்கும்போதும் வாகனம் ஓட்டும்போதும் இதனை அணியக்கூடாது.

வேறோர் ஆபத்தும் உண்டு. வலி என்பது உடல் விடுக்கும் எச்சரிக்கை. கணுக்கால் வீங்கிய விளையாட்டாளர் ஒருவர் வலியை மரத்துப்போகச் செய்துவிட்டு மீண்டும் திடலில் இறங்கினால், சிறிய காயம் பெரிய காயமாக மாறக்கூடும். காரணம் தெரியாத வலிக்கு முதலில் தேவைப்படுவது பரிசோதனையே.

விளம்பரங்களையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வணிக ஆணையம், மின்தூண்டல் இடுப்புப் பட்டைகளை விற்ற சில நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுத்தது. உடற்பயிற்சி இல்லாமலேயே வயிறு மெலியும் என்று அவை விளம்பரம் செய்திருந்தன.

மலேசியாவில் இயன்முறை மருத்துவர்களின் தொழில், 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் முறைப்படுத்தப்பட்டுள்ளது. வீட்டில் தாத்தா பாட்டிக்கு இக்கருவியை வாங்க நினைப்பவர்கள், தகுதிபெற்ற ஒருவரிடம் தகடு ஒட்டும் இடத்தையும் அளவையும் நேரத்தையும் முதலில் கேட்டறிவதே முறையாகும்.

முடிவு

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது இச்சிகிச்சைக்கும் பொருந்தும். மின்துடிப்பு ஒரு சிலருக்கு வலியில்லாத ஒரு மணி நேரத்தைத் தருகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் எழுந்து நடந்து பயிற்சி செய்தால் உடல் தேறும். படுத்தே இருந்தால் வலி மீண்டும் வந்துவிடும். பிராங்கிளின் தம் நோயாளிகளிடம் கண்ட தற்காலிக முன்னேற்றத்தை நிலையான முன்னேற்றமாக மாற்றுவதற்குக் கருவியோடு சரியான மருத்துவ ஆலோசனையும் விடாமுயற்சியும் வேண்டும்.