வலிக்காத உறுப்பு

சென்னையின் ராஜீவ் காந்தி சாலை மாமல்லபுரம் அருகே முடிகிறது. வழியில், செங்கல்பட்டு மாவட்டத்தில், சிறுசேரி. அங்குள்ள தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் பல்லாயிரம் பேர் நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஹைதராபாத்தில் அதே வேலையில் இருக்கும் 345 பேரின் கல்லீரலைப் பரிசோதித்தார்கள். 2025இல் முடிவு வெளியானது. 84 சதவீதம் பேருக்குக் கொழுப்பு கூடியிருந்தது. சிறிய ஆய்வுதான், அதை வைத்து ஊரை எடைபோட முடியாது. ஆனால் நாடெங்கும் நடந்த ஆய்வுகளை எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2022இல் தொகுத்தபோது, பெரியவர்களில் 38.6 சதவீதம், குழந்தைகளில் 35.4 சதவீதம் வந்தது. இது குடியால் வராத கொழுப்பு. சென்னையில் 2009இலேயே 32 சதவீதம். சர்க்கரை நோயாளிகளிடம் 54.5.

பலருக்குக் கொழுப்போடு நின்றுவிடும். சிலருக்கு அழற்சி தொடங்கும், அதாவது செல்கள் புண்பட்டு வீங்கும். புண் ஆறும் இடத்தில் தழும்பு விழும். தழும்புக்கு 0 முதல் 4 வரை படிகள். நான்காவது சிரோசிஸ்: கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிய நிலை. அழற்சி உள்ளவர் ஒரு படி ஏறச் சராசரியாக 7 ஆண்டுகள் ஆகும். 28 வயதில் தொடங்கினால் 56இல் நான்காம் படி. சிலர் இதைவிட வேகமாக ஏறுகிறார்கள். கல்லீரலின் உட்பகுதிக்கு வலி தெரியாது.

ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் இயல்பாகவே இருக்கலாம். சாதாரண ஸ்கேன் கொழுப்பைக் காட்டும், அதுவும் ஓரளவு சேர்ந்த பிறகு. தழும்பு எந்தப் படியில் என்று சொல்லாது. வயது, இரண்டு நொதிகள், தட்டணு எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு போடும் ஃபிப்-4 என்ற கணக்கும் படியைச் சொல்லாது, ஆனால் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு உண்டா என்று காட்டும். செலவு மிகக் குறைவு. ஆனால் 35 வயதுக்குக் கீழே அதை அவ்வளவாக நம்ப முடியாது. அவர்களுக்குக் கல்லீரலின் இறுக்கத்தை நேரடியாக அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் வேண்டும்.

மருந்து வந்துவிட்டது. இந்த நோய்க்கு அமெரிக்கா 2024 மார்ச்சில் ரெஸ்மெடிரோமுக்கும், 2025 ஆகஸ்டில் செமாக்ளூடைடுக்கும் ஒப்புதல் தந்தது. முதல் மருந்தில் ஓராண்டுக்குப் பின் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத் தழும்பு ஒரு படி இறங்கியது. மருந்தில்லா மாத்திரை தின்றவர்களில் ஏழில் ஒருவருக்கு. இரண்டுக்கும் ஒப்புதல் 2, 3ஆம் படிகளுக்கு மட்டுமே.

நான்காம் படியில் கல்லீரல் செயலிழந்தால் மாற்று அறுவை சிகிச்சைதான். அதைச் செய்யும் மருத்துவமனைகள் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, குரோம்பேட்டையிலும் பெரும்பாக்கத்திலும் உள்ளன. மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரலுக்குப் பெயர் பதிந்து காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், வீட்டில் ஒருவர் தன் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டித் தர வேண்டும். அவருடைய கல்லீரலில் கொழுப்பு அதிகமிருந்தால் எடுக்க மாட்டார்கள்.