டிரையசிடினும் எண்ணெய் வித்துக்களும்

நிலக்கடலை, தேங்காய், புங்கு முதலியவற்றின் எண்ணெய்கள் பெரும்பாலும் கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் கூடியவையே. எண்ணெயைக் காரஞ் சேர்த்துச் சோப்பாக்குங்கால் கிளிசரின் பிரிகிறது. டீசலுக்குப் பதிலாகத் தாவர எண்ணெயிலிருந்து எரிபொருள் செய்யுமிடத்தும், 100 பங்கு எண்ணெய்க்குச் சுமார் 10 பங்கு கிளிசரின் மிஞ்சுகிறது.

சுத்தி செய்த கிளிசரினுடன், காடிக்குப் புளிப்பைத் தரும் அசிட்டிக் அமிலத்தைச் சேர்த்துக் காய்ச்சி, உண்டாகும் நீரை நீக்கினால் டிரையசிடின் கிடைக்கும். இதனை 1854-இல் பிரெஞ்சு இரசாயன அறிஞர் பெர்த்தலோ தயாரித்தார். இது நிறமற்ற, எண்ணெய் போன்ற திரவம். சுமார் 260 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். சிகரெட்டு வடிகட்டிகளின் இழைகளைப் பிணைக்கவும், உணவு வாசனைச் சத்துக்களைக் கரைக்கவும், மாத்திரைகளின் மேற்பூச்சு வெடியாதிருக்கவும் உபயோகமாகிறது. எரிபொருளுடன் சிறிதளவு கலப்பதும் உண்டு.

ஆகவே கிளிசரினைக் கழிவென்று எண்ணுதல் நஷ்டமே. ஆயினும் எரிபொருள் ஆலையில் மிஞ்சும் சுத்தி செய்யாத கிளிசரினில் மெதனால் என்னும் விஷச் சாராயம் தங்கியிருக்கக்கூடும். இனிப்பாயிருக்கிறதென்று அதைக் கால்நடைகளுக்குக் கொடுத்தலாகாது. ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டினால், அது அழுகுங்கால் நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் மடியும். ஆலையுள்ள கிராமங்களின் அதிகாரிகள் இதனைக் கவனித்து வருதல் நலம். மிஞ்சிய கிளிசரினைச் சேர்த்து வைத்து, அதனைச் சுத்தி செய்யும் தொழிற்சாலைக்கு விற்பதே லாபகரமான வழியாகும்.