சினிமாவில் எல்லாரும் காண்ட்ராக்ட்தான்

2020 பிப்ரவரி 9. நம்ம நெய்வேலி சுரங்கத்துல 'மாஸ்டர்' ஷூட்டிங் நடந்துட்டு இருந்த நாட்கள். நாலு நாளைக்கு முன்னாடிதான் வருமான வரித்துறை ஆட்கள் வந்து விஜய்யை சென்னைக்கு அழைச்சிட்டுப் போயிருந்தாங்க. அவர் திரும்பி வந்து, வேன் மேல ஏறி, கீழே நின்ன கூட்டத்தோட ஒரு செல்ஃபி எடுத்தார். அந்த வருஷம் இந்தியாவிலேயே அதிகமா ரீட்வீட் ஆன பதிவு அதுதான். உங்க சித்தப்பா பையனோ பக்கத்து பிளாக் அண்ணனோ அந்தப் படத்துல எங்கேயோ ஒரு புள்ளியா இருப்பாங்க.

அதுக்குப் பத்து நாள் கழிச்சு, பிப்ரவரி 19 ராத்திரி, சென்னையை ஒட்டின ஒரு ஸ்டூடியோவுல 'இந்தியன் 2' செட்டில் கிரேன் சரிஞ்சு விழுந்து 3 பேர் இறந்துபோனாங்க. ஒருத்தர் உதவி இயக்குநர். மத்த ரெண்டு பேரும் தயாரிப்பு, சாப்பாடு வேலைகள்ல இருந்தவங்க. அதுக்கு ஒரு மாசம் கழிச்சு, மார்ச் 19, கொரோனாவால எல்லா ஷூட்டிங்கும் நின்னுபோச்சு. சில நாள்லயே பெப்சி, அதாவது தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்கள் சம்மேளனம், தொழிலாளிங்களுக்கு ஆளுக்கு ஒரு மூட்டை அரிசியாவது கொடுக்கணும், உதவுங்கன்னு நடிகர்கள்கிட்ட வேண்டுகோள் வச்சது.

செல்ஃபியிலிருந்து அரிசி மூட்டை வரைக்கும் 50 நாள்கூட இல்ல. சினிமாவுல, டிவியில வேலை பார்க்கணும்னு ஆசைப்படுற எந்த இன்ஜினியரிங் ஸ்டூடண்டும் முதல்ல இந்த மூணு தேதியையும் ஒண்ணா வச்சுப் பார்க்கணும்னு நினைக்கிறேன். முதல் தேதிதான் நம்மை இழுக்குது. வாழ்க்கையை முடிவு பண்றது மத்த ரெண்டும்தான்.

நெய்வேலிக்காரங்களுக்கு இதைப் புரியவைக்கிறது சுலபம். பெர்மனென்ட், காண்ட்ராக்ட் அப்படிங்கிற ரெண்டு வார்த்தைக்கு நடுவுல எவ்வளவு தூரம் இருக்குன்னு நம்ம ஊர்ல சின்னப் பசங்களுக்கே தெரியும். குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, போனஸ், கல்யாணப் பேச்சு எல்லாத்துலயும் அந்தக் கோடு இருக்கு. சினிமாவுல அந்தக் கோடே கிடையாது, ஏன்னா அங்க பெர்மனென்ட்னு யாருமே இல்ல. ஹீரோவும் காண்ட்ராக்ட், லைட்மேனும் காண்ட்ராக்ட். படம் முடிஞ்சா எல்லாருக்கும் வேலை முடிஞ்சுது. வித்தியாசம் என்னன்னா, ஹீரோவால ரெண்டு வருஷம் சும்மா இருக்க முடியும்.

சரி, இந்த உலகம் எப்படி இயங்குதுன்னு பார்ப்போம். பெப்சிக்குக் கீழ 23 சங்கங்கள் இருக்கு. ஒளிப்பதிவு, எடிட்டிங், சவுண்ட், ஆர்ட், மேக்கப், ஸ்டண்ட், லைட், புரொடக்ஷன்னு ஒவ்வொரு தொழிலுக்கும் ஒண்ணு. பெரிய படங்கள்ல பெரும்பாலும் சங்க உறுப்பினர்களைத்தான் எடுப்பாங்க, 'கார்டு இருக்கா?'ங்கிற கேள்வி சீக்கிரமே வரும். நுழைவுக் கட்டணம், எத்தனை படம் உதவியாளரா வேலை செஞ்சிருக்கணும் போன்ற விதிகள் சங்கத்துக்குச் சங்கம் மாறும். கட்டணம் சில இடங்கள்ல பெரிய தொகை. அதனால எந்தத் தொழில்னு முடிவு பண்ணின உடனே அந்தச் சங்க ஆபீஸுக்கே போய் விசாரிங்க. நடுவுல ஒருத்தர் 'நான் வாங்கித் தர்றேன்'னு பணம் கேட்டா எழுந்து வந்துடுங்க. நடிக்க வாய்ப்பு தர்றேன்னு பணம் கேட்கிறவங்களுக்கும் அதே மரியாதைதான்.

செட்டுல கணக்கு கால்ஷீட்டுல ஓடும். நாள் கூலிக்கு வர்றவங்களுக்கு அன்னன்னிக்கு பேட்டா. மாசக் கணக்குலயோ படக் கணக்குலயோ பேசுறவங்களுக்கு முன்பணம், நடுவுல கொஞ்சம், டப்பிங் அல்லது ரிலீஸுக்கு முன்னாடி மீதின்னு பிரிச்சுக் கொடுப்பாங்க. 'ரிலீஸுக்கு முன்னாடி'ங்கிற வார்த்தையில கவனமா இருங்க. 'மாஸ்டர்' 2020 ஏப்ரல்ல வரவேண்டியது, வந்தது 2021 ஜனவரி 13. அது பெரிய படம், வந்துடுச்சு. வராமலே போற சின்னப் படங்கள் நிறைய. கடைசித் தவணையை ரிலீஸோட கட்டாம, உங்க வேலையை ஒப்படைக்கிற நாளோட கட்டிப் பேசுங்க.

இப்போ நம்ம படிப்பு இதுல எங்க பயன்படும்? டைரக்டர் ஆகணும்னு எல்லாரும் சொல்றோம். ஆனா செட்டுல ஆள் பற்றாக்குறை இருக்கிற இடம் வேற. ஒரு உதாரணம் மட்டும் விரிவா சொல்றேன்.

டேட்டா பார்க்கிறவர்னு ஒருத்தர் செட்டு ஓரமா லேப்டாப்போட உட்கார்ந்திருப்பார். டி.ஐ.டி.ன்னும் சொல்வாங்க. கேமரா கார்டு நிறைஞ்சதும் அவர்கிட்ட வரும். அவர் ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்திட்டு, கார்டைக் காலி பண்ணித் திருப்பிக் கொடுப்பார். கேட்க பென் டிரைவ் காப்பி மாதிரி இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க: அலெக்ஸா மினி எல்.எஃப். கேமராவுல முழு சென்சார்ல ரா எடுத்தா ஒரு ஃபிரேம் 4448 × 3096 பிக்சல், ஒவ்வொண்ணும் 12 பிட். அதாவது ஃபிரேமுக்கு 20 எம்.பி.க்கு மேல. நொடிக்கு 24 ஃபிரேம்னா கிட்டத்தட்ட 500 எம்.பி. ஒரு மணி நேர ஃபுட்டேஜ் சுமார் 1.8 டி.பி. அதையும் ஒண்ணுக்கு ரெண்டு மூணு காப்பியா, வேற வேற டிஸ்க்குல வைக்கணும். காப்பி ஆனது ஒரு பிட்கூட மாறாம ஆகியிருக்கான்னு செக்சம் போட்டுச் சரிபார்க்கணும். அதுக்கப்புறம்தான் 'கார்டை ஃபார்மட் பண்ணலாம்'னு சொல்லணும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ற தைரியத்துக்குத்தான் அவருக்குச் சம்பளம். நூறு பேர் ஒரு நாள் பூரா வெயில்ல நின்னு எடுத்தது அந்தக் கார்டுக்குள்ள இருக்கு.

செக்சம், ரெய்டு, ஃபைல் சிஸ்டம் இதெல்லாம் நமக்கு இன்டர்னல் மார்க்குக்காகப் படிச்ச விஷயம். செட்டுல இதை அடிப்படையிலிருந்து தெரிஞ்ச ஆள் கிடைக்கிறது லேசில்ல. டெஸ்ட் ஃபுட்டேஜ் வச்சு வீட்டுலயே பழகலாம்.

இதே மாதிரி 18 கிலோவாட் ஹெச்.எம்.ஐ. லைட் ஒண்ணை 230 வோல்ட்ல ஒரே ஃபேஸ்ல போட்டா சுமார் 78 ஆம்பியர் இழுக்கும். நாலைஞ்சு லைட்டை ஜெனரேட்டர்ல எப்படி மூணு ஃபேஸுக்கும் பிரிக்கிறது, மழை ஈரத்துல எர்த்திங் என்னன்னு ட்ரிபிள்-ஈ காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனா அந்த வேலை அனுபவமுள்ள சங்கக்காரங்க கையில இருக்கு, டிகிரியைக் காட்டி உள்ள போக முடியாது. ஈ.சி.ஈ.க்கு லொக்கேஷன் சவுண்ட், மிக்ஸிங். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு வி.எஃப்.எக்ஸ்., ரோட்டோ, கம்பாசிட்டிங். தமிழும் இங்கிலீஷும் ஒழுங்கா வர்றவங்களுக்கு சப்டைட்டில்.

எந்தத் தொழிலைத் தேர்ந்தெடுக்கிறதுன்னு யோசிக்க 2020 ஒரு நல்ல அளவுகோல் கொடுத்தது. ஊரடங்குக்கு நடுவுல தமிழ்நாட்டுல முதல்ல அனுமதி கிடைச்சது எடிட்டிங், டப்பிங், கிராபிக்ஸ் போன்ற போஸ்ட் புரொடக்ஷன் வேலைகளுக்கு, மே 11ல. அப்புறம் மே கடைசியில டிவி சீரியல் ஷூட்டிங், ஆள் எண்ணிக்கை கட்டுப்பாட்டோட. சினிமா ஷூட்டிங் தொடங்க செப்டம்பர் ஆச்சு. கேமரா உதவியாளருக்கும் எடிட்டருக்கும் நடுவுல மூணரை மாச வருமான வித்தியாசம்! செட்டு வேலை வேண்டாம்னு சொல்ல வரல. செட்டு வேலை பிடிச்சிருந்தா, கூடவே உட்கார்ந்து செய்யிற வேலை ஒண்ணும் கையில இருக்கட்டும்.

டிவியை நம்மாளுங்க கொஞ்சம் இளக்காரமாப் பார்க்கிறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஒரு தினசரி சீரியல் வருஷக்கணக்குல ஓடும். மாசத்துக்கு இருபதுக்கு மேல எபிசோடு போயாகணும். அங்க ஒரு வருஷம் எடிட் பண்ணினா எத்தனை காட்சி கை வழியாப் போகும்னு யோசிங்க. இந்தத் துறையில மாசச் சம்பளத்துக்கு ரொம்பப் பக்கத்துல வர்றதும் அதுதான். 'மெட்டி ஒலி' இயக்கின திருமுருகன் அங்கிருந்துதான் 2006ல 'எம் மகன்' படத்துக்குப் போனார். கார்த்திக் சுப்பராஜ் நம்மளை மாதிரி இன்ஜினியரிங் படிச்சு சாஃப்ட்வேர் வேலை பார்த்தவர். குறும்படம் எடுத்து, கலைஞர் டிவி 'நாளைய இயக்குநர்' வழியா வந்து 2012ல 'பீட்சா' எடுத்தார். அவர் குறும்படத்துல நடிச்ச விஜய் சேதுபதிதான் அதுல ஹீரோ. தனி ஆளா யாரும் உள்ள போகல, கூட்டாளிங்களோடதான் போனாங்க. உங்க ஹாஸ்டல் ரூம்மேட்டை இன்னொரு தடவை நல்லாப் பாருங்க.

இன்னும் பக்கத்துல வேணும்னா, பண்ருட்டி பக்கம் பத்திரக்கோட்டையில பிறந்த தங்கர் பச்சான். திரைப்படக் கல்லூரியில ஒளிப்பதிவு படிச்சவர். 1996ல 'காதல் கோட்டை'க்கு ஒளிப்பதிவு. அவர் இயக்கின 'அழகி' வந்தது 2002ல. நடுவுல அவரைக் காப்பாத்தினது கையில இருந்த தொழில். அவர் மாதிரி முறையாப் படிக்கணும்னா, தரமணியில இருக்கிற அரசு எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரி இருக்கு. 1945ல தொடங்கினது. தனியார் இடங்களோட ஒப்பிட்டா செலவு ரொம்பக் குறைவு.

பணம், காகிதம். எல்லாரும் தள்ளிப்போடுற விஷயம், அதனால கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். என்ன வேலை, எத்தனை நாள், எத்தனை தடவை திருத்தம், எவ்வளவு பணம், எப்போ, டைட்டில்ல பேர் எப்படி வரும் — இதை ஒரு மெயில்ல எழுதி அனுப்பி 'சரி'ன்னு பதில் வாங்கிடுங்க. முத்திரைத்தாள் கேட்டா புது ஆளைக் கழட்டிவிட்டுடுவாங்க. மெயிலுக்கு யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. வெளியூர் ஷூட்டிங், உயரத்துல வேலைன்னா இன்சூரன்ஸ் இருக்கான்னு கேளுங்க. பிப்ரவரி 19ஐ நினைச்சுக்கிட்டே கேளுங்க. கம்பெனி எடுக்கலேன்னா சொந்தமா ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துடுங்க, வருஷத்துக்கு ஆகுறது சின்னத் தொகைதான்.

பணத்தை பெரும்பாலும் 10% டி.டி.எஸ். பிடிச்சிட்டுத்தான் தருவாங்க. 60,000 ரூபாய் பில் போட்டா 54,000 வரும். 'ஏமாத்திட்டாங்க'ன்னு சண்டைக்குப் போகாதீங்க. மீதி 6,000 உங்க பான் எண்ல கட்டப்பட்டிருக்கணும். கட்டியிருக்காங்களான்னு வருமான வரித் தளத்துல பாருங்க. உங்க வருமானம் வரி வரம்புக்குக் கீழ இருந்தா ரிட்டர்ன் போட்டு அதைத் திரும்ப வாங்கலாம். வரி இல்லாட்டியும் வருஷா வருஷம் ரிட்டர்ன் போடுங்க. பேங்க்ல லோன் கேட்கும்போது என்.எல்.சி. அண்ணன் சம்பளச் சீட்டை நீட்டுவார். நீங்க நீட்ட அது ஒண்ணுதான் இருக்கும். ஜி.எஸ்.டி. பதிவு வருஷ வரவு 20 லட்சம் தாண்டும்போது. அந்தக் கவலை வர்ற நாள் நல்ல நாள்.

கதை எழுதுறவங்க யார்கிட்டயும் சொல்றதுக்கு முன்னாடி எழுத்தாளர் சங்கத்துல பதிவு பண்ணுங்க. 2018ல 'சர்கார்' பட விவகாரம் ஞாபகம் இருக்கும். 2007லயே 'செங்கோல்'னு ஒரு கதையைப் பதிவு செஞ்சு வச்சிருந்த வருண் ராஜேந்திரன் புகார் கொடுத்தார். ஹைகோர்ட் வரைக்கும் போய், அவர் பேருக்கு அங்கீகாரம் தர்றதா சமரசம் ஆச்சு. 11 வருஷப் பழைய பதிவு இல்லேன்னா அந்தப் பேச்சே எழுந்திருக்காது. பாட்டும் இசையும் பண்றவங்களுக்கு இன்னொண்ணு: 2012 காப்புரிமைத் திருத்தத்துக்கு அப்புறம், தியேட்டருக்கு வெளியே பாட்டு பயன்படும்போது வர்ற ராயல்டி உரிமையை நீங்களே எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது.

தோழிகளுக்கு ஒரு வார்த்தை. 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற இடத்துல பாலியல் புகார்களுக்கு உள்ளகக் குழு இருக்கணும்னு 2013 சட்டம் சொல்லுது. சேர்றதுக்கு முன்னாடியே 'கமிட்டியில யார் இருக்காங்க?'ன்னு கேட்டுப் பாருங்க. பதில் சொல்ற விதத்துலயே அந்தக் கம்பெனி எப்படின்னு பாதி தெரிஞ்சிடும்.

கடைசியா, வீடு. சாலிகிராமத்துலயோ விருகம்பாக்கத்துலயோ ரூம் எடுக்கிறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட பேசியாகணும். அவர் ஒரே கேள்விதான் கேட்பார்: "பெர்மனென்ட் ஆகுமாடா?" ஆகாதுன்னு நேரடியாச் சொல்லிடுங்க. 'பெரிய ஆளா வருவேன்'னு செல்ஃபிக் கதை சொன்னா அவர் நம்பமாட்டார், அவர் பார்க்காத காண்ட்ராக்டா? அதுக்குப் பதிலா ஆறு மாச வாடகையும் சாப்பாட்டுச் செலவும் சேர்த்து வச்சிருக்கிற பாஸ்புக், செஞ்சு கொடுத்த ரெண்டு மூணு வேலை, அதுக்கு வந்த பணத்தோட கணக்கு, இது மூணையும் மேசை மேல வைங்க. சேமிப்பு இன்னும் இல்லையா? அரியர் இல்லாம டிகிரியை முடிச்சு, ஒரு வருஷம் ஏதாவது வேலைக்குப் போய்ச் சேர்த்துட்டு, சனி ஞாயிறுல எடிட் பண்ணுங்க. நெய்வேலியிலிருந்து சென்னை 200 கிலோமீட்டர்தான். ராத்திரி பஸ் ஏறினா விடியறதுக்குள்ள இறங்கிடலாம்.