நம்ம பூட்டன் பெயரை அமெரிக்க சபை ஒன்று ஏன் தேடுகிறது?

ஆடி அமாவாசைக்கு சுருளி அருவிக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு தர்ப்பணத்துக்கு உட்கார்ந்தால், கையில் எள்ளும் தண்ணீரும் வரும். அடுத்து கேள்வி வரும். அப்பா பேரு? சொல்லிடுவோம். தாத்தா பேரு? அதுவும் சரி. தாத்தாவோட அப்பா பேரு? இங்கேதான் பலரும் பக்கத்தில் நிற்கும் பெரியப்பாவைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

நாம் முழிக்கிற இந்த இடத்தில், அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவ சபை 130 வருஷமாக இதையே பெரிய வேலையாகச் செய்துவருகிறது. பல நாடுகளின் பிறப்பு, திருமணம், இறப்பு ஏடுகளைப் படம்பிடித்து, 'ஃபேமிலிசர்ச்' என்ற இணையதளத்தில் இலவசமாகத் தருகிறது. தேனியில் இருந்தபடி போனிலேயே கணக்கு தொடங்கித் தேடலாம்.

காசு வாங்காமல் ஏன் செய்கிறார்கள்? சந்தேகம் வரும்தானே? வரவேண்டிய சந்தேகம்தான்.

யார் இவர்கள்?

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 'மார்மன்கள்' என்றால் பலருக்குத் தெரியும். 1830-ல் நியூயார்க் மாகாணத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. இப்போது தலைமையகம் யூட்டா மாகாணத்தின் சால்ட் லேக் சிட்டி.

ஞானஸ்நானம் பெறாமல் யாரும் முழு மீட்பை அடைய முடியாது என்பது இவர்கள் நம்பிக்கை. அப்படியென்றால், இயேசுவின் பெயரையே கேள்விப்படாமல் செத்துப்போன கோடிக்கணக்கான பேரின் கதி? இதற்கு 1840-ல் ஜோசப் ஸ்மித் ஒரு பதில் சொன்னார். இறந்தவருக்குப் பதிலாக, உயிரோடிருக்கும் ஒருவர் ஞானஸ்நானம் பெறலாம். பைபிளில் 1 கொரிந்தியர் 15-ம் அதிகாரத்தின் 29-வது வசனத்தை இதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். மற்ற பெரும்பாலான சபைகள் அந்த வசனத்துக்கு இப்படிப் பொருள் கொள்வதில்லை.

சடங்கு எப்படி நடக்கும்?

சபையின் ஆலயத்தில் ஒரு தொட்டி இருக்கும். உறுப்பினர் ஒருவர் அதில் இறங்குவார். இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவருக்காக இவரைத் தண்ணீரில் முழுக்கி எடுப்பார்கள். கல்லறையைத் தோண்டுவது, சடலத்தைத் தொடுவது எதுவும் கிடையாது. வேண்டியது பெயரும், அவர் யார் என்று அடையாளம் காட்டும் விவரங்களும்தான்.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு. கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற உறவு சாவோடு முடியாது. ஆலயத்தில் செய்யும் ஒரு சடங்கால் குடும்பம் என்றென்றைக்கும் இணைக்கப்படும். இறந்த தலைமுறைகளையும் இப்படி ஒருவரோடு ஒருவர் இணைக்க வேண்டும். அதற்கு யார் யாருடைய பிள்ளை என்பது சரியாகத் தெரிய வேண்டும். வம்சாவளி ஆராய்ச்சி இங்கிருந்துதான் வருகிறது. இவர்களுக்கு அது பொழுதுபோக்கு இல்லை, கடமை.

மலைக்குள் ஒரு கிடங்கு

1894-ல் சபையின் அப்போதைய தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப், உறுப்பினர்கள் தங்கள் முன்னோரை முடிந்தவரை தேடிப் பிடிக்க வேண்டும் என்று அறிவித்தார். அதே ஆண்டில் யூட்டா வம்சாவளிச் சங்கம் உருவானது. 1938-ல் ஏடுகளை மைக்ரோஃபிலிமில் படம்பிடிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சுருள்களைப் பாதுகாக்க, சால்ட் லேக் சிட்டி அருகே கிரானைட் மலையைக் குடைந்து 1965-ல் ஒரு கிடங்கு கட்டி முடித்தார்கள். மொத்தம் 24 லட்சம் சுருள்கள். அவற்றை டிஜிட்டலாக்கும் வேலை 2021-ல் முடிந்தது.

நம்ம நாட்டு ஏடுகளும் இந்தச் சேகரிப்பில் உண்டு. ஹரித்வாரில் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் யாத்ரீகர் குடும்ப ஏடுகளையும், 18-ம் நூற்றாண்டிலிருந்து தொடங்கும் மெட்ராஸ் டயோசிஸ் புராட்டஸ்டன்ட் சபை ஏடுகளையும் படம்பிடித்திருக்கிறார்கள்.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது?

முதல் பெரிய எதிர்ப்பு யூதர்களிடமிருந்து. நாஜிகள் கொன்ற யூதர்களுக்கும் இந்தச் சடங்கு செய்யப்பட்டது தெரியவந்தது. யூதர் என்பதற்காகவே கொல்லப்பட்டவர்களுக்கு, செத்த பிறகு கிறிஸ்தவ ஞானஸ்நானமா என்று அவர்களின் குடும்பங்கள் கொதித்தன. 1995-ல் யூத அமைப்புகளுடன் சபை ஓர் ஒப்பந்தம் செய்து, அந்தப் பெயர்களை நீக்க ஒப்புக்கொண்டது. ஆனாலும் 2012-ல் ஆன் ஃபிராங்க் பெயரில் சடங்கு நடந்ததாக மறுபடியும் செய்தி வந்தது. அதே ஆண்டு மகாத்மா காந்தியின் பெயரும் இதே காரணத்துக்காகச் செய்திகளில் அடிபட்டது.

அடுத்து வாடிகன். 2008-ல், பங்கு ஏடுகளை யூட்டா வம்சாவளிச் சங்கத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று ஆயர்களுக்கு அறிவுறுத்தியது. ஏட்டில் உள்ள கத்தோலிக்கர்களுக்கு மார்மன் முறையில் மறு ஞானஸ்நானம் நடக்க அது வழிவிடும் என்பது காரணம்.

சபை என்ன சொல்கிறது? இது மதமாற்றம் இல்லை. இறந்தவரின் ஆன்மா இதை ஏற்கலாம், மறுக்கலாம். அவர்களை உறுப்பினர் கணக்கிலும் சேர்ப்பதில்லை. உறுப்பினர்கள் சொந்த முன்னோரின் பெயரைத்தான் தர வேண்டும். பிறந்து 110 வருஷம் ஆகாதவர் என்றால் நெருங்கிய உறவினரின் அனுமதியும் வேண்டும்.

விமர்சகர்கள் கேட்பது வேறு. செத்தவர் மறுத்தாரா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? ஒருவர் வாழ்நாள் முழுக்க எந்தச் சாமியைக் கும்பிட்டாரோ, அதுதானே அவர் சொல்லிவிட்டுப் போன பதில்?

கம்பம் பள்ளத்தாக்கில் இருந்து தேடினால்?

முதலில் ஒரு விஷயம். 'தேனி மாவட்டம்' என்று போட்டு பழைய பதிவைத் தேடாதீர்கள். தேனி தனி மாவட்டமானது 1996-ல்தான். அதற்கு முன் எல்லாம் மதுரை ஜில்லா. பெரியகுளம் தாலுகா என்றும் தேடிப் பாருங்கள். ஊர்ப் பெயரை வெள்ளைக்காரர்கள் எழுதிய எழுத்துக்கூட்டலும் மாறும். கம்பத்துக்கே ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்து முறை இருக்கிறது.

இரண்டாவது, பெயர் குழப்பம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம்ம வழக்கம். 'பெயரன்'தான் பேரன் ஆனான். அதனால் ஒரே வீட்டில் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும். தந்தை பெயரும் வருஷமும் பொருந்துகிறதா என்று பார்க்காமல் 'இவர்தான் எங்க பூட்டன்' என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

மூன்றாவது, யாரிடம் கேட்பது? இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் பங்குத்தந்தையிடம் நேரடியாகக் கேட்பது நல்லது. திருமுழுக்குப் பதிவில் பெற்றோர், ஞானப் பெற்றோர் பெயர்கள் இருக்கும். சிஎஸ்ஐ குடும்பங்கள், 1834-ல் மதுரையில் தொடங்கிய அமெரிக்கன் மிஷன் காலத்து ஏடுகள் பற்றித் தங்கள் சபையில் விசாரிக்கலாம். சர்ச் ஏட்டில் பெயர் ஏறாத குடும்பங்களுக்கு நிலப் பத்திரம், பள்ளிக்கூட அட்மிஷன் பதிவு, குலசாமி கோயில் பங்காளிகளின் வரி நோட்டு எல்லாம் உதவும்.

நம்ம தாத்தா பெயரைப் போடலாமா?

இணையதளத்தில் நீங்கள் பெயர் சேர்த்த உடனே சடங்கு நடந்துவிடாது. சபை உறுப்பினர் ஒருவர் அதற்காகத் தனியாகப் பெயரைப் பதிய வேண்டும். ஆனால் அங்கே இருப்பது உலகத்துக்கே பொதுவான ஒரே குடும்ப மரம். இறந்தவர் விவரத்தை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். சடங்கு நடந்ததா என்ற விவரம் மட்டும் உறுப்பினர் அல்லாதவர்களின் கணக்கில் தெரியாது. 'பரவாயில்லை, எங்க முன்னோருக்காக யார் வேண்டிக்கொண்டாலும் நல்லதுதான்' என்று நினைப்பவர்கள் உண்டு. 'எங்க சீயான் கும்பிட்டது குலசாமியை, அவர் பேரில் வேறு சடங்கு வேண்டாம்' என்பவர்களும் உண்டு. ஏடுகளைத் தேடிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, எதையும் பதிவேற்றாமலே இருக்கலாம். குடும்பத்தில் பேசி முடிவெடுத்துவிட்டுச் சேர்ப்பது நல்லது, ஏனென்றால் அந்தப் பெயர் உங்கள் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை.

எனக்கு என் அப்பத்தாவின் அப்பா பெயர் இந்தக் கட்டுரை எழுதும்வரை தெரியாது. எந்த இணையதளத்திலும் கிடைக்கவில்லை. அப்பத்தாவுக்கு போன் போட்டேன். ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டு, 'இதை ஏன்டா இத்தனை நாளா கேக்கல?' என்றார். நீங்களும் அடுத்த அமாவாசைக்குள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.