மாடிப்படிக்கு எது ஏற்றது?

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டார எல்லைக் கிராமங்களில் ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாக மாறி வருகின்றன. வளைகுடாவில் உழைத்த பணம், சேமநிதிக் கடன், சீட்டுப் பணம் எல்லாம் சேர்ந்துதான் சுவர் எழும்புகிறது. கடைசியில் கொத்தனார் கேட்பார்: "படிக்கு என்ன போடணும் சார்?" அதற்குள் கைப்பணமும் பொறுமையும் தீர்ந்திருக்கும். கடையில் எது மின்னுகிறதோ அதையே சொல்லிவிடுவோம்.

நானும் அப்படித்தான் பளபளக்கும் கறுப்புக் கிரானைட்டைச் சொன்னேன். பால்காய்ச்சுக்கு வந்தவர்கள் அதில் முகம் பார்த்தார்கள். அம்மா மட்டும், "மக்கா, தண்ணி கெடக்க மாதிரி இருக்கு. கால் வைக்கப் பயமாட்டு இருக்கு" என்றாள். நான் சிரித்தேன். இடவப்பாதி மழையில் மாடித் துணியை அள்ளிக்கொண்டு ஈரக்காலோடு இறங்கியவள், வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். பிறகுதான் நான் விசாரிக்கத் தொடங்கினேன்.

கல்லும் டைல்ஸும்

கிரானைட் உழைக்கும், கறை பிடிக்காது. ஆனால் மெருகேற்றிய கல்லில் ஈரம் பட்டால் பிடிப்பு இராது. படிக்கு வாங்கினால் சொரசொரப்பான பரப்புள்ளதாக வாங்க வேண்டும். இல்லையேல் படி முனையை ஒட்டி இரண்டு மூன்று கோடுகள் வெட்டச் சொல்ல வேண்டும். டைல்ஸுக்கும் இதே விதிதான். கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, தண்ணீர் ஊற்றி, வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள். பழைய வீடுகளின் சிவப்புக் காவித் தரை செலவு குறைவு, காலுக்குக் குளிர்ச்சி. அதையும் அளவுக்கு மீறி மெழுகித் தேய்த்தால் வழுக்கும்.

மரம்

களியக்காவிளை தாண்டித் தக்கலைக்குப் போனால் பத்மநாபபுரம் அரண்மனை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் அது. 1956-இல் அந்தப் பகுதி தமிழகத்தோடு இணைந்த பின்னும் அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசே. அங்குள்ள மரப்படிகள் இன்றும் நிற்கின்றன. மரம் காலுக்கு இதம். ஆனால் கரையானும் மழைக்கசிவும் அதற்கு எதிரி, விலையும் அதிகம்.

கயிற்றுப் பாய்

ஆலப்புழையில் 1859-இல் ஜேம்ஸ் டாரா என்பவர் தொடங்கிய கயிற்றுப் பாய்த் தொழில் கேரளத்துக்குப் பெயர் தேடித் தந்தது. தென்னைநாரில் லிக்னின் என்னும் பொருள் மிகுதி. ஆகவே எளிதில் அழுகாது. சொரசொரப்பால் கால் வழுக்காது. கம்பளமோ நம் ஊர் மழைக்காலத்தில் ஈரம் குடித்து நாறும். ஆனால் எந்த விரிப்பானாலும் படியோடு அசையாமல் பிடித்திருக்க வேண்டும். தளர்ந்த விரிப்பு வெறும் படியைவிட ஆபத்து.

உயரக் கணக்கு

பலரும் மறப்பது இது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி வீட்டுப் படியின் உயரம் 19 செ.மீ.க்கு மேல் கூடாது. மிதிபலகை அகலம் 25 செ.மீ.க்குக் குறையக் கூடாது. 17 செ.மீ. படிகள்மேல் கல்லும் சாந்துமாக 4 செ.மீ. ஏற்றினீர்கள், ஆனால் கீழ்த்தரையையும் மேல்தரையையும் உயர்த்தவில்லை என்று வையுங்கள். முதல் படி 21, கடைசிப் படி 13 ஆகிவிடும். நடுவில் எல்லாம் 17. கால் பழகிய அளவை நம்பித்தான் ஏறுகிறது. மாறிய இடத்தில் தடுக்கும். ஆகவே கனத்தை முதலிலேயே கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் கல்லைப் பெயர்க்க வசதியில்லை. முனைகளில் கோடு வெட்டி, நடுவில் கயிற்றுப் பாய் இறுக்கி, சுவரோரம் ஒரு கைப்பிடிக் கம்பி வைத்தோம். மின்னல் போய்விட்டது. ஆறு மாதமாகக் கீழேயே படுத்திருந்த அம்மா, ஒருநாள் கம்பியைப் பிடித்தபடி மாடிக்குப் போய், காயப்போட்ட வற்றலை எடுத்து வந்தாள். "இப்பம் கால் நிக்குது மக்கா" என்றாள்.

வந்தவர்கள் முகம் பார்க்க அல்ல, வீட்டிலுள்ளவர்கள் இறங்கி வரத்தானே படி!